கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்

பொள்ளாச்சி,
ஆகஸ்ட் 12

அன்புள்ள நிலா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பதிலைப் பேசி அனுப்ப எனக்கு வராது. கணக்கு சம்பந்தப்பட்ட எதையும் காகிதத்தில் எழுதினால்தான் எனக்கே பிடிபடும், உனக்குத் தெரியும். அதனால் கடிதம்.

எம்.டி. சேர்ந்தும் வார்டு வார்டாக ஏறி இறங்கி லைன் லிஸ்ட் நிரப்பிக்கொண்டிருக்கிறேன், இதற்கு எம்.பி.பி.எஸ். எதற்கு, பிளஸ் டூ போதுமே என்று அலுத்துக்கொண்டாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ‘பழகிடும் கண்ணு’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாய். உங்களைச் சுற்றியுள்ள தாலுகாக்களில் வருஷத்துக்கு எத்தனை பேருக்குக் கடுமையான ஃப்ளூ வருகிறது என்று உன் ஹெச்.ஓ.டி. கேட்டாராம். லைன் லிஸ்டில் 36 பாசிட்டிவ் இருக்கிறது, அதையே எழுதிக் கொடுத்துவிடப் போகிறாயாம். கொடுத்துவிடாதே, தாயே.

அந்த 36 பேர் உன் லிஸ்டுக்கு வந்து சேர்ந்த வழியைப் பார். காய்ச்சல் வந்ததும் மெடிக்கல் ஷாப்பில் டோலோவும் ஏதோ ஒரு ஆன்டிபயாடிக்கும் வாங்கிப் போட்டுப் பார்த்திருப்பார்கள். அடங்கவில்லை. தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி. அதற்கும் அடங்காமல் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வீட்டில் யாரோ ஒருவர் ‘பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்’ என்று முடிவெடுத்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து நர்சிங் ஹோமுக்குப் போகாமல் உங்களிடம் வந்திருக்கிறார்கள். கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் மாத்திரை எழுதித் திருப்பி அனுப்பாமல் அட்மிஷன் போட்டிருக்கிறார். கேஸ் ஷீட்டில் காய்ச்சல், இருமல் இரண்டையும் எழுதியிருக்கிறார். மறுநாள் காலை நீ போன நேரத்தில் நோயாளி எக்ஸ்ரேவுக்குப் போகாமல் கட்டிலில் இருந்திருக்கிறார். ஸ்வாப் எடுக்கச் சம்மதித்திருக்கிறார். அது ஒழுங்காக எடுக்கப்பட்டு, குளிர் கெடாமல் லேபுக்குப் போய், மூக்கில் வைரஸ் இன்னும் மிச்சமிருந்து, பாசிட்டிவ் வந்திருக்கிறது. இத்தனையும் கூடி வந்தவர்கள்தான் உன் 36 பேர். நடுவில் ஏதாவது ஒன்று தவறியவர்கள் எத்தனை பேர் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எம்.பி.பி.எஸ். படித்த ஆள் வேண்டியிருக்கிறது.

‘சாரி’, அதாவது கடுமையான திடீர் மூச்சுத் தொற்று, கேஸுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை உனக்குத் தலைகீழ்ப் பாடம். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், அல்லது காய்ச்சல் அடித்ததாக நோயாளி சொல்வது, இருமல், பத்து நாளுக்குள் தொடங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை. வேண்டுமென்றே எளிமையாக வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே கேட்டிருந்தால், எக்ஸ்ரே இல்லாத ஊரில் நோயே இல்லை என்று ஆகியிருக்கும். கென்யாவின் எண்ணையும் இந்தியாவின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இப்படி ஒரு பொது அளவுகோல் வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் பெண்கள் மெடிக்கல் வார்டில் ஒரு பாட்டி படுத்திருப்பார், போய்ப் பார். எழுபத்தைந்து வயது இருக்கும். நாலைந்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை, மூச்சு நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டுகிறது. காய்ச்சல் கிடையாது. அந்த வயதில் பல பேருக்கு உடம்பு காய்ச்சல் காட்டாது. கேஸ் ஷீட்டில் ‘பழைய சி.ஓ.பி.டி., மூச்சுத்திணறல்’ என்று இருக்கும். உன் லிஸ்ட் அவரைத் தாண்டிப் போய்விடும். குழந்தைகள் வார்டிலும் அப்படித்தான். ஒன்றரை மாதக் குழந்தை பெரிதாக இருமாது. பால் குடிக்காமல் துவண்டு வரும், ‘செப்சிஸ்’ என்று எழுதிவிடுவார்கள். ஃப்ளூ அதிகம் படுத்தும் இரண்டு வயதுப் பிரிவினருமே இப்படி வரையறையின் விளிம்பில் நிற்கிறார்கள்.

குழந்தைகளைப் பற்றி இன்னொரு வார்த்தை. 2018ஆம் ஆண்டுக்குச் செய்த உலக மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ஃப்ளூவோடு கூடிய நெஞ்சுத் தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 8,70,000. ஆஸ்பத்திரியில் இறந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆறு மாதம் நிரம்பாதவர்கள். அந்த வயதுக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. அம்மா கர்ப்பமாக இருக்கும்போது போட்டுக்கொண்டால்தான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. ஆகவே ‘5-க்குக் கீழே’ என்று ஒரே கட்டமாக எழுதி முடித்துவிடாதே. வயதை மாதக் கணக்கில் எழுது. பின்னால் யாராவது கர்ப்பிணிகளுக்கு ஊசி வேண்டும் என்று அரசிடம் வாதாட வேண்டி வந்தால் அந்த ஒரு கட்டம்தான் கைகொடுக்கும்.

ஸ்வாப் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமை, பொறுத்துக்கொள். மூக்கு வாசலில் குச்சியைத் தொட்டு எடுப்பது ஸ்வாப் ஆகாது. நாசித் தளத்தோடு நேரே உள்ளே போய், தடை தட்டும் இடத்தில் சில நொடி வைத்துச் சுற்றி எடுக்க வேண்டும். நோயாளிக்குக் கண்ணில் தண்ணீர் வரும், கையைத் தட்டிவிடுவார். அதற்குப் பயந்துகொண்டு ஹவுஸ் சர்ஜன் பையன்கள் பாதியிலேயே திரும்பி வந்துவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க லேபில் ஒரு வழி இருக்கிறது. பி.சி.ஆர். ஓட்டும்போது வைரஸோடு சேர்த்து ‘ஆர்.என்.ஏஸ் பி’ என்ற மனித மரபணுவையும் தேடுவார்கள். நன்றாக எடுத்த சாம்பிளில் அது சீக்கிரமே தெரிந்துவிடும். மிகத் தாமதமாக வந்தாலோ, வராமலே போனாலோ குச்சி சரியான இடத்தைத் தொடவில்லை என்று சந்தேகப்படலாம். டெக்னீஷியனிடம் ரிசல்ட்டை மட்டும் வாங்காமல், அந்த மரபணு எத்தனையாவது சுற்றில் தெரிந்தது என்ற எண்ணையும் கேட்டு வாங்கு. யாருடைய டியூட்டியில் எடுத்த சாம்பிள்களில் அது மோசமாக இருக்கிறது என்று பார். யாரையும் திட்டாதே, கூட நின்று சொல்லிக்கொடு.

சனிக்கிழமை மதியம் எடுத்த ஸ்வாப் கிடக்கும் வி.டி.எம். குப்பியை எங்கே வைக்கிறீர்கள் என்றும் விசாரி. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அது வார்டு ஃபிரிட்ஜின் கதவுப் பக்கம், இன்சுலினோடும் யாரோ ஒருவரின் தயிர் டப்பாவோடும் திங்கள் வரை கிடக்கும். கதவு நூறு தடவை திறந்து மூடும். அந்த சாம்பிள் நெகட்டிவ் என்று வந்தால் அதை நம்பி நான் எதுவும் எழுதமாட்டேன்.

இனி கணக்கு. நீ சொன்ன எண்களையே எடுத்துக்கொள்கிறேன். வருஷத்துக்கு சாரி அட்மிஷன் 1,000. ஸ்வாப் எடுத்தது 300. பாசிட்டிவ் 36, அதாவது 12 சதவீதம். ஸ்வாப் எடுக்காத 700 பேரும் எடுத்தவர்களைப் போன்றவர்கள்தான் என்று வைத்துக்கொண்டால், 1,000 பேரில் 120 பேருக்கு ஃப்ளூ. ஆனால் அந்த 1,000 பேரும் உன் தாலுகாக்காரர்களா? 300 பேர் பக்கத்து மாவட்டங்களிலிருந்து ரெஃபர் ஆகி வந்தவர்கள் என்று நீயே சொன்னாய். உன் தாலுகா ஆட்கள் 700 பேர் என்றால் 84. சரி, உன் தாலுகாவில் கடுமையாக மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்கள் எல்லாரும் உங்களிடமா வருகிறார்கள்? பத்துக்கு நாலு பேர் வருகிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். 84-ஐ 0.4-ஆல் வகுத்தால் 210. தாலுகாக்களின் ஜனத்தொகை 6 லட்சம் என்றால், லட்சத்துக்கு 35. உன் 36-ஐ அப்படியே 6 லட்சத்தால் வகுத்திருந்தால் லட்சத்துக்கு 6 என்று வந்திருக்கும். நோயாளிகள் அதே நோயாளிகள். கணக்கு மட்டும் ஆறு மடங்கு தள்ளி நிற்கிறது.

இதிலும் ஓட்டைகள் உண்டு. 300 பேரில் 36 என்றால் அசல் விகிதம் எட்டாகவும் இருக்கலாம், பதினாறாகவும் இருக்கலாம். அந்த அகலத்தை மறைக்காமல் எழுது. அதைவிட முக்கியம், 12 சதவீதத்தை வருஷம் முழுக்கப் பூசிவிடாதே. உங்கள் ஆட்கள் ஃப்ளூ பரபரப்பு இருக்கும் மாதங்களில்தான் விழுந்து விழுந்து ஸ்வாப் எடுத்திருப்பார்கள். ஏப்ரலில் எடுத்திருக்கவே மாட்டார்கள். அக்டோபர் விகிதத்தை ஏப்ரல் அட்மிஷன் மேல் போட்டால் எண்ணிக்கை ஊதிவிடும். மாதவாரியாக, வயதுவாரியாகத் தனித்தனியே பெருக்கிக் கடைசியில் கூட்டு. ராத்திரி சேர்ந்து விடிவதற்குள் இறந்துபோகிறவர்களுக்கு யாரும் ஸ்வாப் எடுப்பதில்லை. ஆனால் கடுமையான கேஸ் என்றால் அதைவிடக் கடுமை எது? ரிஜிஸ்டரில் அவர்களைத் தனியாகக் குறித்து வை.

நம் ஊரில் வகுத்தல் கோட்டுக்கு மேலே போடும் எண்ணுக்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். லேப், கிட், ஆப், டேஷ்போர்டு, தினமும் மாலை ரிப்போர்ட் கேட்கும் அதிகாரி. கோட்டுக்குக் கீழே போடும் எண்ணுக்கு நாதி கிடையாது. பத்துக்கு நாலு என்று நான் சும்மா போட்டேனே, அதுதான் மொத்தக் கணக்கிலும் பெரிய ஆள். அது நாலா, இரண்டா என்பதில் விடை இரண்டு மடங்காகிறது. அதை ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும்: போன வருஷத்தில் இந்த வீட்டில் யாராவது மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரியாவது தங்கினார்களா, எந்த ஆஸ்பத்திரி? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஃப்ளூ நோய்ச்சுமைக் கையேட்டிலும் இந்தச் சர்வேக்கு இடம் உண்டு.

போய்க் கேட்கும்போது கவனமாக இரு. ‘அட்மிட் ஆனீங்களா?’ என்றால், ‘ஆமா, ட்ரிப்ஸ் போட்டாங்க’ என்பார்கள். கிளினிக்கில் பெஞ்சில் படுக்க வைத்து ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிச் சாயந்திரம் அனுப்பியதும் நம் ஜனங்களுக்கு அட்மிஷன்தான். அதனால்தான் ராத்திரி தங்கியதைக் கேட்கச் சொல்கிறேன். மாமியார் வீட்டில் இறந்த விஷயத்தை மருமகள் சொல்லத் தயங்குவாள். பெரியவர் யாராவது இருக்கும் நேரத்தில் போ. காப்பீட்டு அட்டையைக் காட்டித் தனியாரில் சேர்ந்தவர்கள் எத்தனை, வாசலில் அட்வான்ஸ் கேட்டதும் திரும்பி வந்தவர்கள் எத்தனை என்பதும் அங்கேதான் தெரியும்.

கீழே போடும் எண் ஏற்கெனவே கையில் இருக்கும் இடங்களும் நம் நாட்டில் உண்டு. ஹரியானாவில் பல்லப்கர், எய்ம்ஸ் பல பத்தாண்டுகளாகப் பொறுப்பில் வைத்திருக்கும் கிராமங்கள். புனே பக்கத்தில் வடூ. பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு எல்லாம் வீடுவாரியாகப் பதிவாகியிருக்கிற கிராமங்கள் அவை. யார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் எந்த வீட்டு ஆள் என்று தெரியும். இந்தியாவில் ஃப்ளூ அட்மிஷன் எத்தனை என்று உருப்படியாகப் பேச முடிகிறதென்றால் இந்த மாதிரிக் கிராமங்களின் புண்ணியம்.

பெருக்குவது ஏழை நாட்டுக் குறுக்குவழி என்று நினைக்காதே. அமெரிக்காவில் சி.டி.சி. நடத்தும் ‘ஃப்ளூசர்வ்-நெட்’ மக்கள்தொகையில் ஒன்பது சதவீதத்தை மட்டும்தான் கண்காணிக்கிறது. குறிப்பிட்ட கவுன்டிகளில் வசிப்பவர்கள், ஃப்ளூ பாசிட்டிவ் ஆகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள். அங்கேயும் டாக்டர்கள் எல்லாருக்கும் டெஸ்ட் எழுதுவதில்லை, டெஸ்டும் எல்லாரையும் பிடிப்பதில்லை என்பதால் அதற்கு ஏற்றாற்போல் பெருக்கித்தான் நாட்டுக் கணக்கு சொல்கிறார்கள். 2009 ஃப்ளூ பெருந்தொற்றின் முதல் மாதங்களில், ஏப்ரல் முதல் ஜூலை வரை, அங்கே லேபில் உறுதியானவை 43,677. உண்மையில் நோய் கண்டவர்கள் 18 லட்சத்திலிருந்து 57 லட்சம் வரை என்று அவர்களே மதிப்பிட்டார்கள். லேபில் உறுதியான ஒருவருக்குப் பின்னால் 79 பேர். ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒருவருக்கு 2.7 பேர்தான். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார். வீட்டோடு முடிந்த காய்ச்சலை எண்ணப் போனால் ஊகம் நிறையச் சேர்ந்துவிடும். கட்டிலுக்கு வந்துவிட்ட நோயில் அது குறைவு. அதனால்தான் உன்னை வார்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

நம் ஊர்ச் செய்தித்தாள் எண்களுக்கு வருகிறேன். 2015-இல் இந்தியாவில் ஹெச்1என்1 கேஸ்கள் 42,592, இறப்புகள் 2,990. வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஏழு. ஃப்ளூ அப்படிக் கொல்லும் நோய் கிடையாது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய ஏ, பி வகை நோயாளிகளுக்கு டெஸ்ட் தேவையில்லை, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய சி வகைக்கு மட்டும் எடு என்பது அரசின் வழிகாட்டுதல். சிகிச்சைக்கு அது சரியான வழிகாட்டுதல். ஆனால் அதில் கிடைக்கும் எண்ணை நாட்டின் ஃப்ளூ என்று நினைத்தால் விபரீதம். எண்ணப்பட்ட கேஸும் குறைவு, இறப்பும் குறைவு, இரண்டும் வெவ்வேறு அளவில் குறைவு. 2010 முதல் 2013 வரையிலான ஆண்டுகளுக்குச் செய்த ஒரு மதிப்பீடு, மூச்சு, ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்ட ஃப்ளூ இறப்புகள் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 1,27,000 என்கிறது. 2009 பெருந்தொற்றில் உலகம் முழுக்க லேபில் உறுதியான இறப்புகள் 18,500. பின்னால் வந்த மதிப்பீடு அதைப்போல் பதினைந்து மடங்கு.

மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று கேட்பாய். உன் தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் அம்மாவின் பீரோவில் இருக்கிறது, எடுத்துப் பார். ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’. யார் இறந்தாலும் இதயமும் மூச்சும் நிற்கத்தானே செய்யும்! அதற்கு முந்தைய வாரம் வீடு முழுக்க எல்லாருக்கும் காய்ச்சலும் இருமலும். உனக்கு அப்போது நாலு வயது, உனக்கும்தான். தாத்தாவுக்கு ஃப்ளூ என்று நான் சொல்லவில்லை, யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை. ஆனால் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், ஃப்ளூ உறுதியான பிறகு வரும் முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஆறு மடங்கு அதிகம். நம் ஊரில் அந்த ஆள் கார்டியாலஜிக்குப் போவார். அங்கே ஸ்வாப் எடுக்க யாரும் இல்லை. சாரி கண்காணிப்பு எத்தனை சிறப்பாக நடந்தாலும் இந்த இறப்புகள் அதில் சேராது. அதற்கு வேறு வழி. 1840-களில் லண்டனில் வில்லியம் ஃபார் செய்ததுபோல் மொத்த இறப்புகளை எடுத்துக்கொண்டு, வழக்கத்துக்கு மேல் எத்தனை என்று பார்ப்பது. 1918 ஃப்ளூவில் யாருக்கும் டெஸ்ட் இல்லை. 1921 சென்சஸில் இந்தியாவின் ஜனத்தொகை முந்தைய சென்சஸைவிடக் குறைந்து காட்டியது.

இன்னொன்று, உங்களுக்கு நேரம் அதிகமில்லை. டெல்லிக்கும் புனேவுக்கும் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை, ஸ்ரீநகருக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. சென்னைக்கும் வேலூருக்கும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில் உச்சம். உங்கள் ஊரும் அந்தப் பக்கம்தான். டெங்குவும் அதே நேரம் வந்து உட்காரும். காய்ச்சல் என்று யார் வந்தாலும் என்.எஸ்.1, பிளேட்லெட் என்று எழுதுவார்கள். இருமுகிறாரா என்று கேட்க ஆள் இருக்காது. காய்ச்சல் வார்டிலும் ஒரு நடை போய் இருமலை நீயே கேட்டு எழுது.

ஹெச்.ஓ.டி.யிடம் இப்போதைக்கு 36 என்று சொல்லாதே. மழைக்காலம் தாண்டி, ஆண்டுக் கடைசியில் ஒரு வீச்சு தருகிறேன் என்று சொல். இன்றிலிருந்து ஸ்வாப் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எல்லா சாரி அட்மிஷனையும் எழுது: தேதி, வயது, பின்கோடு, சேர்ந்த நேரம், எடுக்காததற்குக் காரணம். மூன்றில் ஒருவருக்கு ஸ்வாப் என்றால் ரிஜிஸ்டர் வரிசைப்படி மூன்றாவது ஆள். பார்த்தால் ஃப்ளூ மாதிரி இருக்கிறவரைப் பொறுக்கி எடுக்கிற வேலை வேண்டாம். சர்வேக்கு நர்சிங் மாணவிகளைக் கேட்டுப் பார். கேள்வித்தாளை நான் எழுதி அனுப்புகிறேன், பேச்சுத் தமிழில்.

ஆயுத பூஜை லீவுக்கு இங்கே வருவதாக இருந்தால், பெயர்களை எடுத்துவிட்டு லிஸ்டைக் கொண்டுவா. உட்கார்ந்து மாதவாரியாகப் போட்டுவிடலாம். எக்செல்லில் எனக்கு இன்னும் கை ஓடும், சித்தப்பாவைக் கேட்டுப் பார், பால் கணக்கே அதில்தான்.

இந்த வருஷ ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டாயா? ஆஸ்பத்திரியில் கொடுக்காவிட்டால் வெளியே காசு கொடுத்துப் போட்டுக்கொள். அக்காவுக்குச் சுகர் இருக்கிறது, அறுபதும் தாண்டிவிட்டது. செப்டம்பர் முடிவதற்குள் அவளையும் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிடு. நான் சொன்னால் ‘உனக்கு எப்பப் பாத்தாலும் ஊசிதான்’ என்று போனை வைத்துவிடுகிறாள். நீ சொன்னால் கேட்பாள்.

அன்புடன்,
சித்தி